இரும்புக்கை மாயாவி: எதிலிருந்து படிப்பது, எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் காப்பது

கேள்வி இது: "வீட்டுப் பரணில் ஏழெட்டுப் பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள் கிடைத்தன. 11 வயது மகளுக்கு இரும்புக்கை மாயாவி பிடித்துப்போய்விட்டது. மீதிக் கதைகளை எந்த வரிசையில் படிக்கக் கொடுப்பது? பழைய பிரதிகள் வாங்கும்போது எதைக் கவனிப்பது? இருக்கும் இதழ்கள் உதிர ஆரம்பித்துவிட்டன, என்ன செய்வது?"

வரிசையிலிருந்தே தொடங்கலாம். இதழ் எண்ணைப் பார்த்து அடுக்கினால் கதை ஒழுங்காக ஓடாது. மாயாவி என்ற காமிக்ஸ் நாயகன் பிறந்த இடம் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியண்ட்' வார இதழ். 1962 அக்டோபர் 6 தேதியிட்ட முதல் இதழிலேயே அவருடைய ஆங்கில மூலத் தொடரான 'தி ஸ்டீல் க்ளா' தொடங்கிவிட்டது. எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர், அவருக்குப் பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது இந்தக் கதைகள் ஒரு பெருங்குவியலாகக் கிடைத்தன. அதிலிருந்து எடுத்துப் போட்டார்களே தவிர மூல வரிசையைப் பின்பற்றவில்லை. போதாக்குறைக்கு, ஃப்ளீட்வே 1967 வாக்கில் கையடக்க வடிவில் முழுநீளக் கதைகளும் வெளியிட்டது. அவற்றில் வேறு ஓவியர்களும் வரைந்தார்கள். இந்த இரண்டு வகையும் தமிழில் கலந்தே வந்தன. ஒரே கதாநாயகனின் முகம் இதழுக்கு இதழ் மாறுவதாக உங்கள் மகள் சொன்னால், அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஆகவே கதைகளை எண்ணால் பிரிக்காமல் மாயாவியின் வாழ்க்கைக் கட்டத்தால் பிரியுங்கள். முதல் கட்டத்தில் லூயி கிராண்டேல் (மாயாவியின் உண்மைப் பெயர்) நல்லவரே அல்ல. பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வக உதவியாளர். முந்தைய விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வகத்தில் இன்னொரு வெடிவிபத்து, உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது, உருவம் மறைகிறது, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மறைந்த ஆள் முதலில் செய்வது திருட்டுதான். இரண்டாம் கட்டத்தில் மனம் திருந்தி, தன்மேல் விழும் பழியிலிருந்து தப்பிக்க ஓடுகிறார். மூன்றாவது கட்டத்தில் நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்கிறார். விரல்களுக்குள் துப்பாக்கியும் வானொலியும் முளைப்பது இங்கேதான். அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க சூப்பர் ஹீரோ பாணியில் அவருக்கு ஒரு இறுக்கமான உடையும் மாட்டிவிட்டார்கள். நான்கில் பலவீனமான கட்டம் அதுவே. எஃகுக் கை தனியாக மிதக்கும் அமானுஷ்யம் போய், ஏதோ ஒரு முகமூடி வீரர் மாதிரி ஆகிவிடுகிறார்.

11 வயதுக்கு நிழற்படைக் கதை ஒன்றில் தொடங்குங்கள். உறைபனி மர்மம், நாச அலைகள், பாம்புத் தீவு போன்ற தனிக்கதைகளில் எது கையில் கிடைக்கிறதோ அது. முன்கதை தெரியாமலே புரியும். மூன்று நான்கு படித்து மாயாவியை நண்பராக ஏற்றுக்கொண்ட பிறகு 'இரும்புக்கை மாயாவி' என்ற முதல் கதையைக் கொடுங்கள். "இவர் திருடனாக இருந்தாரா!" என்ற அதிர்ச்சிக்காகவே அந்த ஏற்பாடு. முதல் கதையை முதலில் கொடுத்தால் சில பிள்ளைகள் வில்லன் கதை என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் படிப்பதானால் மூல வரிசையே நல்லது. அதற்குக் கடைசியில் சொல்லும் ஆங்கிலத் தொகுப்புகள் உதவும்.

இந்தத் தொடரின் ருசி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பாள். மாயாவிக்கு மூன்று கட்டுப்பாடுகள்: மறைய மின் அதிர்ச்சி வேண்டும், மறைவு நேரம் போகப்போகத் தீர்ந்துவிடும், கை ஒருபோதும் மறையாது. ஆகவே ஒவ்வொரு கதையிலும் எழுத்தாளருக்கு ஒரே தலைவலி, இந்த இடத்தில் கரண்ட் எங்கே கிடைக்கும்? நகரத்தில் சுவர் பிளக் போதும். பனிமலையிலும் தீவிலும் கடலடியிலும்? மின்னல், கார் பேட்டரி, எதிரியின் சொந்த ஜெனரேட்டர், மாயாவியைக் கொல்ல வைத்த மின்வேலி என்று வழி தேடுவதுதான் விளையாட்டு. ஆபத்து முற்றும் பக்கத்தில் நிறுத்தி, "இங்கே கரண்டுக்கு என்ன வழி?" என்று கேளுங்கள். உடுத்திய துணி எப்படிச் சேர்ந்து மறைகிறது என்று மட்டும் அவள் கேட்டால் பதில் தேடாதீர்கள், கிடையாது.

இங்கே விளையாட்டாக அல்லாமல் ஒன்று. பிளக் பாயிண்டில் விரல் வைத்தால் மறையலாம் என்ற ஆசை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையால் வந்தது வெறும் பேச்சல்ல. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இதயத்தை நிறுத்தப் போதும். புத்தகம் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஸ்விட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படிக்கும் வேகமும் முக்கியம். மூலக் கதை வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான் வந்தது. ஒவ்வொரு தவணையும் ஒரு அபாயத்தில் தொங்கும். அடுத்த தவணை முன்கதைச் சுருக்கத்தோடு தொடங்கும். புத்தகமாகச் சேர்த்து ஒரே மூச்சில் படித்தால், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை ஒரே மாதிரி திகில் வருவது சலிப்பூட்டும். அது எழுத்தின் குறையல்ல, வடிவத்தின் இயல்பு. இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பழைய மொழிபெயர்ப்பின் செந்தமிழ் உரையாடல் கண்ணால் படிக்க விறைப்பாகத் தெரியும். வாய்விட்டு, கொஞ்சம் நாடகத்தனமாகப் படித்தால் அதே வரிகள் கலகலப்பாகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். 1960-களின் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் பழங்குடிகளும் ஆசியர்களும் வரும் விதம் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். அந்தப் பக்கங்களை ஒளிப்பதைவிட உடனிருந்து படித்து, யார் வரைந்தது, எந்தக் காலத்தில் வரைந்தது என்று சொல்வது மேல். பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு என்பதை உங்கள் மகள் தானாகவே கேட்பாள்.

இனி வாங்குவது. முதலில் உங்களுக்கு வேண்டியது கதையா, அந்தக் காலத்து இதழா என்று தீர்மானியுங்கள். கதைதான் வேண்டும் என்றால் பழைய பிரதியைத் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம். முத்து காமிக்ஸும், அதே நிறுவனம் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸும் மாயாவி கதைகளை அவ்வப்போது மறுபதிப்பாகக் கொண்டுவருகின்றன. காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரிலும் முன்பு மறுபதிப்புகள் வந்தன. சந்தா கட்டுவது ஒரு வழி, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அவர்கள் அரங்கில் பார்ப்பது இன்னொரு வழி. அச்சிடுவது குறைந்த பிரதிகள் என்பதால், வந்தபோது வாங்காமல் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால், அப்புறம் இரண்டாங்கைச் சந்தை விலைதான். லயனில் வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) இரும்பு மனிதன் ஆர்ச்சியும் மாயாவிக்கு அடுத்துப் படிக்க ஏற்றவை. ஸ்பைடர் கதைகளின் பெரும்பகுதியை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ மூவரையும் ரசிகர்கள் மும்மூர்த்திகள் என்பார்கள். மற்றவர்களிடம் அமானுஷ்ய சக்தி ஏதுமில்லை, வெறும் துப்பறிதல்.

பழைய இதழேதான் வேண்டும் என்றால் நிதானம் தேவை. முன்பு சென்னை மூர் மார்க்கெட், இன்று நடைபாதைக் கடைகள், அதற்கும் மேல் ரசிகர்களுக்குள் நடக்கும் கைமாற்று. விலைக்கு எந்த அட்டவணையும் இல்லை, விற்பவர் வாயில் வருவதுதான். ஆகவே பிரதியின் நிலையை நீங்களே எடைபோடத் தெரிய வேண்டும்.

முதலில் பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் பின் அடித்த இதழில் ஒவ்வொரு தாளும் மடித்த தாள். அதனால் ஒரு தாள் கழன்றால் இரண்டு இடத்தில் பக்கம் போகும். கணக்கு எளிது: மடித்த ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வரும். 96 பக்க இதழில் 19, 20-ஆம் பக்கங்கள் இல்லையென்றால், அவற்றின் இணையான 77, 78 இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் யாரோ அந்த ஓர் இலையை மட்டும் கிழித்திருக்கிறார்கள், இணை இலை சீக்கிரம் கழன்று விழும். பக்கவாட்டில் பின் அடித்த இதழ் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, இலை இலையாகவே பார்க்க வேண்டும். பெரும்பாலும் காணாமல் போவது நடுத்தாளும் கடைசித் தாளும்தான். நடுத்தாள் பின் துருவால் கழலும். கடைசித் தாளில் கூப்பனோ போட்டியோ இருந்தால் பழைய உரிமையாளர் வெட்டி அனுப்பியிருப்பார். சில பிரதிகளில் கடைசிப் பக்கம் இல்லாததைக் கடைக்காரர் சொல்லமாட்டார், மாயாவி தப்பித்தாரா என்பது உங்களுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

அடுத்து, ஜெராக்ஸ் பிரதியை அசல் என்று விற்பது. பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஜெராக்ஸ் டோனர் தாளின் மேல் படலமாக உட்காரும், கறுப்பு பளபளக்கும், மடிப்பில் செதில் செதிலாகப் பெயரும். பழைய அச்சு மை நியூஸ் பிரிண்டுக்குள் இறங்கியிருக்கும், மங்கலாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும். தாள் வெள்ளையாக இருந்துகொண்டு அச்சில் மட்டும் பழுப்புக் கறை தெரிந்தால் அது ஸ்கேனிலிருந்து அச்சிட்டது. வண்ண அட்டையை உருப்பெருக்கியில் பார்த்தால் ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் ரோஜாப்பூ மாதிரி ஒழுங்காகக் கூடியிருக்கும். இங்க்ஜெட் அச்சில் புள்ளிகள் தூவியது போலச் சிதறியிருக்கும்.

பைண்டிங் செய்த தொகுப்பு நம் ஊருக்கே உரிய தனிப் பிரச்சினை. ஆறேழு இதழ்களைச் சேர்த்துக் காலிகோ துணி ஒட்டி வைப்பது அந்தக் கால வழக்கம். காப்பாற்றியதும் அதுதான், கெடுத்ததும் அதுதான். பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் சீவியிருப்பார். ஓரப் படங்களில் வசன பலூனின் முதல் எழுத்து போயிருக்கும். தையல் உட்பக்கம் சில மில்லிமீட்டரைத் தின்றிருக்கும். அட்டைகளைச் சில சமயம் கழற்றியே எறிந்திருப்பார்கள். வாங்குமுன் நடுவில் எங்காவது விரித்து உள் ஓரம் படிக்க முடிகிறதா பாருங்கள். வாங்கிய பிறகு பிரிக்க ஆசைப்படாதீர்கள். முறுமுறுத்துப்போன தாளில் தையலை உருவினால் துளை வரிசையிலேயே கிழியும். வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை விலையைக் குறைக்கும் என்பார்கள். எந்த ஊரில் எந்தக் கடையில் எத்தனை கை மாறியது என்று சொல்லும் முத்திரை ஒரு குறையா என்ன?

மூன்றாவது கேள்வி, உதிர்வது. நியூஸ் பிரிண்ட் மரத்தை அரைத்துச் செய்த தாள்; அதில் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி அமிலம் உண்டாக்கும். அமிலம் நார்களை வெட்டும். பழுத்ததை வெள்ளையாக்க எந்த வீட்டு வைத்தியமும் இல்லை. பிளீச்சிங் பவுடர் தடவச் சொல்பவரிடமிருந்து ஓடிவிடுங்கள். செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது மட்டுமே.

ஒரு மூலையை மெதுவாக மடித்துப் பாருங்கள். ஒடிந்தால், அந்த இதழை இனிப் படிக்கக் கொடுக்கக் கூடாது; ஸ்கேன் எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். ஒடியவில்லையென்றால் துருப்பிடித்த பின்னை முதலில் நீக்குங்கள். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். நகத்தால் பிடுங்கினால் துளை கிழியும். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாக ஒரு தையல் போதும். கிழிசலுக்கு செல்லோ டேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிடும், பட்டை மட்டும் உதிர்ந்து விழும், கறை நிரந்தரம். மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளை அரை அங்குல அகலத்தில் கையால் கிழித்து (வெட்டக் கூடாது, நார் ஓரம் வேண்டும்) கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுங்கள். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்தப் பசை தாளை இன்னும் வேகமாகத் தின்னும். லேமினேஷனும் வேண்டாம், சூடு தாளைச் சமைத்துவிடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

உறைக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். புது மழைக்கோட்டு வாசம் வரும் கவர் பி.வி.சி., அது ஒட்டும், மையை உரிக்கும். இதழின் அகலத்தைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் பெரிய கவர் எடுங்கள். இறுக்கமானது நுழைக்கும்போதே மூலையை மடக்கும். பின்னால் அமிலமற்ற அட்டை. சட்டைப் பெட்டி அட்டை போட்டால் அதன் அமிலம் இதழுக்கு ஏறும். நேராக நிறுத்தி, சாயாதபடி வையுங்கள்.

நம் ஊரில் வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். 65 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். பரணும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறியதும் வெளியே எடுத்து, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். நிறம் காட்டும் நீல மணிகளில் கோபால்ட் இருக்கும், பிள்ளை கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கிடைப்பது மேல். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது வழக்கம். பூச்சியை விரட்டும், ஆனால் அந்த நெடியைப் புத்தகத்தோடு பிள்ளையும் சேர்த்து இழுப்பாள். வேப்பிலை பச்சையாக வைத்தால் ஈரத்தைத்தான் கொண்டுவரும். பூச்சி உள்ள இதழைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் தாள்மேல் பனித்துளி கோத்துக்கொள்ளும்.

ஸ்கேன் எடுக்கும்போது பின்பக்க அச்சு ஊடுருவித் தெரிவதுதான் பெரிய தொல்லை. தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் பாதி மறைந்துவிடும். 600 டிபிஐ-யில், கறுப்பு-வெள்ளை முறையில் அல்லாமல் சாம்பல் முறையில் எடுங்கள்; பிளாஸ்கோவின் நிழல் கோடுகளைக் கறுப்பு-வெள்ளை முறை ஒரே கறையாக அடைத்துவிடும். அந்த ஸ்கேன் உங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். இந்தக் கதைகளுக்கு உரிமையாளர் உண்டு. பிளாஸ்கோ இறந்தது 1995-ல்தான். பொதுவில் ஏற்றினால் அடுத்த மறுபதிப்பின் விற்பனையில்தான் கை வைக்கிறோம்.

ஓவியத்தை நல்ல அச்சில் பார்க்க வேண்டுமென்றால் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். டைட்டன் நிறுவனம் 2005-ல் 'தி வானிஷிங் மேன்' என்று ஒரு கெட்டி அட்டைத் தொகுப்பு போட்டது. உரிமை இப்போது ரெபெல்லியன் நிறுவனத்திடம். அவர்கள் 2021-ல் 'இன்விசிபிள் மேன்' என்ற தொகுப்பை முதல் கதையிலிருந்து தொடங்கினார்கள். தமிழ் இதழ்களில், பெரிய வார இதழ்ப் பக்கத்தைச் சிறிய அளவுக்கு மாற்றும்போது கட்டங்களை நறுக்கியும் நகர்த்தியும் அடுக்கியிருப்பார்கள். தமிழ் வசனம் நீளமாதலால் பலூன் பெரிதாகி ஓவியத்தை மூடியிருக்கும். ஒரே கதையின் தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அருகருகே வைத்து, எந்தக் கட்டம் எங்கே போனது, எது காணாமல் போனது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். முகத்தின் நிழல் பாதியில் கோடு கோடாகத் தெரிகிறதா, கறுப்பாக அப்பியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்பதுகளில் அமெரிக்காவில் வண்ணம் பூசிய பதிப்பும் வந்தது. கண்ணில் பட்டாலும் விட்டுவிடலாம். வெறும் கறுப்பில் ஒற்றைக் கை மட்டும் மிதக்க வேண்டிய இடத்தில் ஊதாவும் பச்சையும் நிற்கும்.